போல் டான்ஸ் கத்துக்கிறவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

போல் டான்ஸ், அதாவது நட்டுவெச்ச கம்பத்துல ஏறி, சுத்தி ஆடுற ஆட்டம், அதுக்குப் புதுசா சேர்றவங்க கேக்குற சந்தேகம் முக்கால்வாசி ஒரே சந்தேகம்தான், ஆளு மட்டும் மாறும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விங்க அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு. அடிப்படை முதல்ல, சிக்கலானது பின்னால, அதனால மேல இருந்து படிச்சா நல்லது.

எனக்கு ஒரு புல்-அப் கூட வராது, நான்லாம் சேரலாமா?

தாராளமா சேரலாம். புல்-அப் அடிச்சுட்டுதான் வரணும்னா பாதி பேரு வாசலோடயே திரும்பிருப்பாங்க. ஆரம்ப மூவ்கள்ல உடம்பைத் தாங்குறது கை மட்டும் இல்ல, தொடை, முட்டிக்குப் பின்பக்கம், பாதத்தோட மேல்பக்கம், அக்குள்னு எங்கெல்லாம் தோல் கம்பத்தைப் பிடிக்குதோ அந்த இடம்லாம் சேர்ந்து தாங்கும். ஜிம்ல நல்லா வெயிட் தூக்குற பசங்க முதல் கிளாஸ்ல சர்ருனு வழுக்கி இறங்குறதையும், கையில பலமே இல்லன்னு சொன்ன பொண்ணு ஜம்முனு கம்பத்துல உக்காந்திருக்கிறதையும் ஒரே நாள்ல பாக்கலாம். பலம் வேணும்தான், ஆனா அது மூவ் செய்யச் செய்ய வரும்.

வயசு 40 தாண்டிருச்சு, வெயிட்டும் ஜாஸ்தி, இது எனக்கு செட் ஆகுமா?

ஆகும். வயசு, வெயிட், ஆணா பொண்ணா எதுவும் தடை இல்ல. வெயிட் அதிகமா இருந்தா தோல் பிடிமானம் சில மூவ்ல நல்லாவே இருக்கும், தூக்குற மூவ் கொஞ்சம் லேட்டா வரும், அவ்ளோதான்.

வயசை விட முக்கியமா பாக்க வேண்டியது உடம்பு நிலை. கட்டுப்பாட்டுல இல்லாத பிரஷர், க்ளாக்கோமா, விழித்திரை பிரச்சனை இருக்கிறவங்க தலைகீழா தொங்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா டாக்டரைக் கேக்கணும், ஏன்னா தலைகீழா இருக்கும்போது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். தோள் மூட்டு ஏற்கனவே ஒரு தடவை விலகினவங்க, எலும்பு தேய்மானம் இருக்கிறவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க எல்லாரும் இதே லிஸ்ட்தான்.

ஷார்ட்ஸ் போட ஒரு மாதிரி கூச்சமா இருக்கு, லெக்கிங்ஸ் போட்டுக்கிட்டா ஆகாதா?

முதல் ரெண்டு மூணு கிளாஸ்ல வார்ம்-அப், நடை, சுலபமான ஸ்பின்னுக்கு (கம்பத்தைப் பிடிச்சு சுத்துற மூவ்) லெக்கிங்ஸ் போதும். ஏற ஆரம்பிச்சதும் துணி வழுக்கும், அப்ப நீங்களே தேடிப்போய் ஷார்ட்ஸ் வாங்குவீங்க. இரும்புல தோல்தான் பிடிக்கும், துணி பிடிக்காது. சர்க்கஸ்ல வர்ற சைனீஸ் போல் மேல ரப்பர் உறை இருக்கும், அதனால அவங்க உடம்பு மூடி துணி போட்டுதான் ஏறுவாங்க. மல்லர் கம்பம் மரம், அதுக்கு விளக்கெண்ணெய் தடவுவாங்க. நம்ம கம்பம் வெறும் உலோகம், அதனாலதான் இந்த டிரஸ். ரொம்ப கூச்சமா இருந்தா சிலிக்கான் உறை போட்ட கம்பம் இருக்கு, துணியோட ஏறலாம், ஆனா அதுல வழுக்கிச் சுத்துற மூவ் எதுவும் சரியா வராது.

மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டி வெச்சுட்டு வாங்க. கம்பத்துல கீறல் விழுறது ஒரு பக்கம், விரல்ல மோதிரம் மாட்டிக்கிட்டா அது பெரிய காயம்.

அக்கா கை வழுக்குது, என்ன பண்ணாலும் வழுக்குது, பலம் பத்தலையா?

இதுதான் நம்பர் ஒன் கேள்வி. பாதி நேரம் பலம் காரணமே இல்ல. முதல்ல வீட்ல இருந்து என்ன தடவிட்டு வந்தீங்கன்னு பாருங்க. அன்னைக்கு லோஷன், எண்ணெய், சன்ஸ்க்ரீன் போட்டிருந்தா கதை முடிஞ்சுது. முந்தின நாள் ராத்திரி கால்ல தடவின லோஷன் கூட சிலருக்கு மறுநாள் வழுக்கும். அடுத்தது கம்பம். முன்னாடி ஆடினவங்க வேர்வை மேலயே இருக்கும், ஐசோபுரோபில் ஆல்கஹால் கொஞ்சம் துணியில தெளிச்சு மேல இருந்து கீழ வரை துடைங்க, ஒவ்வொரு ஆளு மாறும்போதும் துடைங்க. பவுடர் கோட் (பெயிண்ட் மாதிரி பூச்சு போட்டது), சிலிக்கான் கம்பத்துக்கு மட்டும் தயாரிச்சவங்க என்ன சொல்லிருக்காங்களோ அதைப் பாத்துக்கோங்க.

அப்புறம் உங்க தோல் எந்த ரகம்னு தெரியணும். கை வேர்க்கிறவங்களுக்கு ட்ரை ஹேண்ட்ஸ், லிக்விட் சாக் மாதிரி ஈரத்தை உறிஞ்சுற ஐட்டம். தோல் வறண்டு இருக்கிறவங்களுக்கு அது எதிரி, அவங்களுக்கு ஈரப்பதம் குடுக்கிற ட்யூ பாயிண்ட் மாதிரியோ, பிசுபிசுப்பா இருக்கிற ஐடேக் மாதிரியோ வேணும். ஃப்ரெண்டுக்கு சரியா இருந்துச்சுன்னு அதையே வாங்கிட்டு வந்து இன்னும் மோசமா வழுக்குதுன்னு புலம்புறவங்கதான் அதிகம். பிசுபிசுப்பு ஐட்டத்தை உள்ளங்கையில அள்ளிப் போட்டுட்டு ஸ்டாட்டிக் கம்பத்துல (தானா சுத்தாத கம்பம்) சுத்துனீங்கன்னா கை அங்கேயே ஒட்டிக்கும், உடம்பு மட்டும் சுத்தும், தோலும் மணிக்கட்டும்தான் அடி வாங்கும்.

குளிர்ல கம்பம் ஐஸ் மாதிரி இருக்கும், அப்பவும் வழுக்கும். அதைப் பிடிச்சு தேய்ச்சு, சும்மா ரெண்டு தடவை ஏறி இறங்கி சூடாக்குங்க. இவ்வளவும் பண்ணியும் வழுக்குதுன்னா அப்ப பலத்தைப் பத்தி பேசலாம்.

தொடையெல்லாம் நீலம் நீலமா கன்னிப் போயிருக்கு, இது நார்மலா?

நார்மல். தொடை உள்பக்கம், முட்டிக்குப் பின்னால, பாதம் மேல்பக்கம், முன்னங்கால் எலும்பு, இந்த இடம்லாம் வரும். பொதுவா ரெண்டு வாரத்துக்குள்ள மறையும். அதே மூவை தொடர்ந்து பண்ணப் பண்ண வலியும் கன்னிப்போறதும் குறையும், புது மூவ் வந்தா மறுபடி புது இடத்துல வரும். கன்னின இடத்துலயே அன்னைக்கே திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க, வேற மூவுக்குப் போங்க.

மரத்துப் போறது, சுருக்குனு ஷாக் அடிக்கிற மாதிரி ஓடுறது, மூட்டு வீங்குறது, இதெல்லாம் கன்னிப்போன கணக்குல வராது. உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஸ்டாட்டிக்ல கத்துக்கணுமா, ஸ்பின்லயா?

ஸ்டாட்டிக்னா கம்பம் சுத்தாது, நீங்க அதைச் சுத்தி வருவீங்க. ஸ்பின்னா கம்பமே சுத்தும். ஆரம்பம் ஸ்டாட்டிக்தான், ஏறுறது, உக்கார்றது, தலைகீழா போறது எல்லாம் நிக்கிற கம்பத்துல பழகிட்டு ஸ்பின்னுக்குப் போங்க. ஸ்பின் பாக்க சுலபமா இருக்கும், கம்பமே வேலை செய்யுற மாதிரி தெரியும், ஆனா சுத்துற வேகம் உங்களை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், பிடி லூசா இருந்தா அங்கதான் தெரியும்.

வீட்ல கம்பம் மாட்டலாம்னு இருக்கேன், எத்தனை எம்எம் வாங்குறது?

45 எம்எம் வாங்குங்க. போட்டிகள்லயும் பெரும்பாலான ஸ்டூடியோவுலயும் அதுதான். 50 எம்எம் பழைய அளவு, முட்டிக்குப் பின்னால நல்லா பிடிக்கும், சின்ன கைக்கு பிடிக்க கஷ்டம். 40 எம்எம் ரொம்ப சின்ன கை இருக்கிறவங்களுக்கு. உலோகத்துல க்ரோம் பொதுவானது, பித்தளை இன்னும் கொஞ்சம் நல்லா பிடிக்கும், நிக்கல் அலர்ஜி இருக்கிறவங்க க்ரோம் தவிர்த்துட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பவுடர் கோட்டோ போவாங்க.

எம்எம்மை விட சீலிங்தான் முக்கியம், அதை யாரும் கேக்குறதில்ல. அழுத்தத்துல நிக்கிற கம்பம் கான்கிரீட்டுக்கோ உறுதியான உத்தரத்துக்கோ கீழதான் நிக்கணும். ஃபால்ஸ் சீலிங்குக்கு அடியில மாட்டுனா அது கம்பம் இல்ல, விபத்து. பொம்மை மாதிரி விக்கிற பார்ட்டி கம்பம் வேண்டவே வேண்டாம், எவ்வளவு எடை தாங்கும்னு எழுதியிருக்கிறதைப் பாருங்க. சுத்தி எல்லாப் பக்கமும் கால் நீட்டினா இடிக்காத அளவு இடம் வேணும், சுமார் ஒண்ணரை மீட்டர். ஒவ்வொரு தடவையும் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் ஆட்டிப் பாருங்க, அழுத்தம் நாளாக நாளாக குறையும்.

முதல்ல எந்த மூவ் கத்துக்கணும்? நான் ஃபயர்மேன் பண்ணா கம்பத்துல போய் மோதுறேன்

கம்பத்தைச் சுத்தி ஒழுங்கா நடக்கிறது, ஃபயர்மேன் ஸ்பின் (ரெண்டு காலாலயும் கம்பத்தைக் கவ்வி சுத்துறது), சேர் ஸ்பின் (நாற்காலியில உக்கார்ற மாதிரி காலை வெச்சு சுத்துறது), பேக் ஹூக் (காலைக் கொக்கி மாதிரி போட்டு பின்பக்கமா சுத்துறது), க்ளைம்ப் (கம்பத்துல ஏறுறது), போல் சிட் (தொடையால கவ்வி உக்கார்றது), அப்புறம் க்ரூசிஃபிக்ஸ். கை இல்லாம கால் மட்டும் பிடிச்சு நிக்கிற க்ரூசிஃபிக்ஸ் வந்தா அடுத்த கட்டத்துக்கு ரெடின்னு அர்த்தம்.

மோதுறதுக்குக் காரணம், நீங்க கம்பத்து மேல குதிக்கிறீங்க. ஃபயர்மேன்ல குதிக்கிற வேலையே கிடையாது. மேல் கை நல்லா உயரத்துல, கீழ் கை இடுப்பு உயரத்துல, கம்பத்தை விட்டு கொஞ்சம் வெளிய சாஞ்சு ரெண்டு அடி நடந்து, வெளிப்பக்க காலை அகலமா வீசணும், அந்த வேகம்தான் உங்களைத் தூக்கும். கால் ரெண்டும் கம்பத்துக்கு வர்றது கடைசியில. இன்னொண்ணு, மேல் கையில தொங்கும்போது தோள் காது வரைக்கும் ஏறிரும், அதைக் கீழ இழுத்து வெச்சுக்கிட்டே சுத்தணும். இந்தத் தோளைக் கீழ இழுக்கிற பழக்கத்தை இப்பவே பிடிச்சுக்கோங்க, கீழ பாதி கேள்விக்கு இதுதான் பதிலா வரப்போகுது.

க்ளைம்ப் ஏறவே முடியல, கையில இழுத்து இழுத்து செத்துட்டேன்

கையில இழுக்கிறதுதான் தப்பு. ஒரு பாதத்தை மடக்கி கம்பத்துல கொக்கி போடுங்க, அதே காலோட முட்டி கம்பத்துக்கு அந்தப் பக்கம் வரணும், அதாவது முன்னங்கால் கம்பத்து மேல சாய்வா குறுக்க இருக்கும். இன்னொரு கால் பின்னால இருந்து வந்து அழுத்தும். ரெண்டு காலும் கம்பத்தை இடுக்கி மாதிரி கவ்வினதும் எந்திரிச்சு நில்லுங்க, படியில ஏறி நிக்கிற மாதிரி. கை பிடிச்சுக்க மட்டும்தான். நின்னதும் கையை மேல நகர்த்தி, தோள் கீழ, முட்டி மேல, திரும்ப கவ்வுங்க. கவ்வினீங்களான்னு செக் பண்ண ஒரு வழி இருக்கு, தரையில இருந்து ஒரு அடி உயரத்துல ஒரு கையை விட்டுப் பாருங்க. வழுக்கினா கால் வேலை செய்யல.

நீங்க ஜெமினின்னு சொல்றதை என் டீச்சர் ஸ்கார்பியோன்னு சொல்றாங்க, எது சரி?

ரெண்டுமே, ஒரு காலை மட்டும் கம்பத்துல மாட்டித் தலைகீழா தொங்குற லெக் ஹேங் மூவுக்கு வர்ற பேருங்க. ஒரே மூவுக்கு ஸ்டூடியோவுக்கு ஒரு பேரு இருக்கும். எந்தக் கால் மாட்டுது, எந்தக் கை பிடிக்குதுன்னு கேளுங்க, பேரை விட்டுருங்க.

இன்வர்ட் எப்ப வரும்? எல்லாரும் தலைகீழா போயிட்டாங்க, நான் மட்டும் உதைச்சுக்கிட்டு இருக்கேன்

சிலருக்கு மூணு மாசம், சிலருக்கு ஒரு வருஷம், ரெண்டும் சகஜம். "உதைச்சுக்கிட்டு"ன்னு நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க, அதை நிறுத்தணும். உதைச்சு போனா ஒரு நாள் மேல போயிருவீங்க, ஆனா அந்த வேகத்தை நிறுத்தவும் தெரியாது, மெதுவா இறங்கவும் தெரியாது. இடுப்பு மேல போறதுக்கு முன்னாடி தோள் முழு எடையையும் சடார்னு வாங்கும், காயம் அங்க இருந்துதான் வருது.

நில்லுங்க, கம்பம் உங்க பக்கவாட்டுல, அக்குளுக்கு ஒட்டி. இடுப்பு கம்பத்துக்கு முன்னாடி வந்திருக்கணும். கை ரெண்டும் நெஞ்சு உயரத்துல. தோளைக் கீழ இழுத்து, கம்பத்தை உடம்போட அணைச்சு, முட்டி ரெண்டையும் நெஞ்சுக்குக் கொண்டு வாங்க. இப்ப தலையைப் பின்னால சாய்க்கணும், நிறைய பேருக்கு பயத்துல தாடை நெஞ்சோட ஒட்டியே இருக்கும், தலை போகலன்னா இடுப்பு வராது, இது தராசு கணக்கு. இடுப்பு தோளைத் தாண்டி மேல போனதும் காலை விரிச்சா அந்த ஷேப்புக்குப் பேரு சாப்பர்.

வரலன்னா பிரிச்சுப் பழகுங்க. தரையில மல்லாந்து படுத்து தலைக்கு மேல கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு இடுப்பை மெதுவா தூக்கி மெதுவா இறக்குங்க. நின்ன இடத்துல முட்டியை மடக்கி தொங்கி அஞ்சு மூச்சு நில்லுங்க. அப்புறம் எனக்கு ரொம்ப பிடிச்சது, யாராவது தூக்கி விட்டு மேல போயிட்டு, நீங்களா எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா இறங்குறது. இறங்குற பலம் வந்தா ஏறுற பலம் தன்னால பின்னாடியே வரும். ஒரு மூவ்ல இருந்து பத்திரமா இறங்கத் தெரியாம அதுக்குள்ள போகாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் நச்சரிக்கிறது இதுக்காகத்தான்.

லெக் ஹேங்ல கையை விடவே மாட்டேங்குது மனசு, விழுந்துருவேனோன்னு பயம்

பயம் நியாயமானது, அதோட சண்டை போட வேண்டாம். முதல்ல தரைக்குக் கிட்ட பண்ணுங்க, கையை நீட்டினா தரை தொடுற உயரம். பிடிமானம் எங்கெல்லாம் இருக்குன்னு ஒவ்வொண்ணா கணக்கெடுங்க, முட்டிக்குப் பின்னால, இடுப்போட பக்கவாட்டு, அப்புறம் மாட்டின காலோட குதிகாலை உங்க பின்பக்கத்தை நோக்கி இழுக்கிற இழுப்பு. இடுப்பு கம்பத்தை விட்டு நழுவி நெஞ்சு நேரா கீழ பாத்துச்சுன்னா முட்டி மட்டும்தான் தாங்குது, அப்ப வலி தாங்காது, கையும் விடாது.

கையை விடுறதும் படிப்படியா. ஒரு கை விரல் ரெண்டு, அப்புறம் முழு கை, திரும்ப பிடிங்க. முட்டிக்குப் பின்னால வேர்த்திருந்தா அன்னைக்கு முயற்சி பண்ணாதீங்க, துடைச்சுட்டு வாங்க, மேல வழுக்குற கேள்வியில சொன்னதெல்லாம் முட்டிக்கும் பொருந்தும்.

ஒரு பக்கம் மட்டும்தான் நல்லா வருது, இன்னொரு பக்கமும் கட்டாயமா?

கட்டாயம்தான், ஆமா கடுப்பா இருக்கும். ஒரு பக்கமே இழுத்தா ஒரு தோள்தான் எல்லாத்தையும் சுமக்கும். எல்லா மூவையும் ரெண்டு பக்கமும் அழகா பண்ணணும்னு இல்ல, ஏறுறது, இன்வர்ட், அடிப்படை ஸ்பின் இந்த மூணுமாவது ரெண்டு பக்கமும் வரட்டும். வராத பக்கத்தை முதல்ல பண்ணுங்க, கடைசின்னு வெச்சா யாரும் பண்றதில்ல.

வாரத்துக்கு எத்தனை நாள் பண்ணா சீக்கிரம் வரும்? தினமும் பண்றேன், முழங்கை உள்பக்கம் வலிக்குது

கேள்விக்குள்ளயே பதில் இருக்கு. ஆரம்பத்துல ரெண்டு இல்ல மூணு நாள், நடுவுல ஓய்வு. தசை சீக்கிரம் பலமாகும், தசைநாண் ரொம்ப மெதுவாத்தான் ஈடு குடுக்கும், அதனால "இப்பதான் நல்லா வருது"ன்னு நினைக்கிற நேரத்துலதான் முழங்கை வலி ஆரம்பிக்கும். தினமும் இறுக்கிப் பிடிக்கிறதால வர்றது. ஒரு வாரம் பிடிக்கிற வேலையைக் குறைச்சுட்டு கால், இடுப்பு, தரை மூவ்மெண்ட் பண்ணுங்க. வலி அப்படியே இருந்தா பிசியோகிட்ட போங்க, மருந்து தடவிட்டு ஏறாதீங்க, வலியும் மறைஞ்சுரும், கையும் வழுக்கும்.

வார்ம்-அப் பதினஞ்சு நிமிஷம் குறையாம. மணிக்கட்டு, தோள், வயிறு, இடுப்பு எல்லாம் அசைச்சு சூடாக்குறதுதான் வார்ம்-அப். அசையாம ரொம்ப நேரம் இழுத்துப் பிடிக்கிற ஸ்ட்ரெச்செல்லாம் கடைசியில.

மூவ் வந்துருச்சு ஆனா வீடியோல பாத்தா கேவலமா இருக்கு, ஏன்?

வீடியோ எடுக்கிறீங்களே, அதுவே பாதி வேலை. முதல்ல பாதத்தைப் பாருங்க, நீட்டவும் இல்லாம மடக்கவும் இல்லாம தொங்கிட்டு இருக்கும். அப்புறம் முட்டி, நீட்டிட்டோம்னு நினைப்போம், முக்கால்தான் நீண்டிருக்கும். மூஞ்சி கம்பத்தையே முறைச்சுக்கிட்டு இருக்கும்.

இதெல்லாம் சரியாகியும் பாக்க நல்லா இல்லன்னா பிரச்சனை மூவ்ல இல்ல, உள்ள போறதுலயும் வெளிய வர்றதுலயும். ஷேப் நல்லா இருக்கும், அங்க போறதுக்கு நாலு தடவை கையை மாத்தி, டவுசரை இழுத்து விட்டு, வெளிய வரும்போது தொப்புனு குதிச்சிருப்பீங்க. பழைய சுலபமான மூணு மூவை எடுத்து நிறுத்தாம ஒண்ணுல இருந்து ஒண்ணு போய் தரைக்கு சத்தம் இல்லாம வந்து பாருங்க. புது மூவ் கத்துக்கிறதை விட இது ஆட்டத்தை சீக்கிரம் மாத்தும்.

ஸ்ப்ளிட் வராதவங்க மேல போக முடியாதா?

போகலாம். பலத்தை வெச்சு பண்ற மூவ் நிறைய இருக்கு. ஜேட், அலெக்ரா மாதிரி மூவுக்குத்தான் கால் நல்லா திறக்கணும். தரையில ஸ்ப்ளிட் (காலை நேர்கோட்டுல விரிச்சு உக்கார்றது) வந்தவங்களுக்கே கம்பத்துல கால் பாதிதான் திறக்கும், ஏன்னா அங்க தரை தள்ளாது, தசைதான் பிடிச்சு நிறுத்தணும். அதனால காலைக் கையால இழுக்காம தானா தூக்கி நிறுத்துற பயிற்சி சேத்துக்கோங்க. மூட்டு இயற்கையாவே அளவுக்கு மீறி வளையுறவங்க முழங்கையை பூட்டிப் போட்டு எடை ஏத்தாதீங்க, லேசா மடக்கியே வைங்க.

ரீல்ஸ் பாத்து தனியா வீட்லயே ஹேண்ட்ஸ்ப்ரிங் ட்ரை பண்ணலாமா? மேட் இருக்கு

வேண்டாம். ஹேண்ட்ஸ்ப்ரிங்னா தரையில இருந்து ரெண்டு கையை மட்டும் நம்பி கம்பத்துல தலைகீழா போறது. மேட் இருக்கிறது நல்லது, பத்து பன்னெண்டு சென்டிமீட்டர் தடிமன் இருந்தா இன்னும் நல்லது, ஆனா தலைகுப்புற விழுந்தா கழுத்தை மேட் காப்பாத்தாது. தனியா இருக்கும்போது ஏற்கனவே நல்லா வர்ற மூவ் மட்டும், தலைகீழா புது மூவ்னா பிடிக்கிறதுக்கு தெரிஞ்ச ஆளு பக்கத்துல வேணும். ரீல்ஸ்ல நீங்க பாக்குறது கடைசி டேக், பத்து செகண்டு, இறங்குறதை வெட்டிருப்பாங்க.

ஹேண்ட்ஸ்ப்ரிங்கை ட்விஸ்டட் கிரிப்ல போடுறது வேற சுலபம்னு தோணும். மேல் கை உள்பக்கமா முறுக்கி பெருவிரல் கீழ பாத்து இருக்கும், அந்த நிலையில தோள் முழு எடையையும் தாங்கும். தோள் இறக்கத் தெரியாம அதுல வேகமா தொங்கினா தோளும் மணிக்கட்டும் ரெண்டும் போகும். அதுக்குப் பதிலா ஐஷாவை (ரெண்டு கை மட்டும் பிடிச்சு தலைகீழா நிக்கிற ஷேப்) முதல்ல லெக் ஹேங்ல இருந்து ஸ்ப்ளிட் கிரிப்ல (மேல் கைக்கும் கீழ் கைக்கும் இடைவெளி விட்டுப் பிடிக்கிறது) பழகுங்க, கீழ் கை தள்ளணும், மேல் கை இழுக்கணும், மாட்டின காலை கொஞ்சம் கொஞ்சமா விடலாம், பிடிக்கலன்னா திரும்ப மாட்டிக்கலாம். திரும்பி வர வழி இருக்கிற என்ட்ரி இது.

இது ஸ்ட்ரிப் கிளப் ஆட்டம்தானேன்னு கேக்குறாங்க, ஸ்போர்ட்டுன்னு சொல்லி சமாளிக்கலாமா?

ஸ்போர்ட்டும்தான். ஐபிஎஸ்எஃப்னு போல் ஸ்போர்ட்டுக்கு சர்வதேச கூட்டமைப்பு இருக்கு, 2012ல இருந்து உலகப் போட்டி நடத்துறாங்க, புள்ளி கணக்கு, கட்டாய மூவ் எல்லாம் உண்டு. ஆனா நாம பண்ற எத்தனையோ மூவும் ஹீல்ஸ் போட்டு ஆடுற ஸ்டைலும் கிளப்ல ஆடினவங்க உருவாக்கினதுதான், அவங்ககிட்ட கத்துக்கிட்டு அவங்களையே மட்டமா பேசுறது எனக்குப் பிடிக்காது. சமாளிக்கவே வேண்டாம், ரெண்டும்னு சொல்லுங்க.

ஸ்டாட்டிக்ல சூப்பரா வர்ற காம்போ ஸ்பின்ல போனா சொதப்புது, தலையும் சுத்துது

ஸ்பின்ல வேகத்தை நீங்கதான் ஓட்டணும். கை கால் கம்பத்துக்கு ஒட்டி வந்தா வேகம் ஏறும், வெளிய நீண்டா குறையும். ஸ்டாட்டிக் காம்போல (ஒண்ணு பின்னால ஒண்ணா பண்ற மூவ்கள்ல) எந்த இடத்துல உடம்பு சுருங்குதோ அங்க திடீர்னு வேகம் எகிறும், அந்த நேரத்துலதான் கை மாத்தப் போறீங்க, சொதப்புது. கை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு காலை வெளிய நீட்டி வேகத்தைக் குறைச்சுக்கோங்க. ஆரம்பத் தள்ளலையும் பாதியா குறைங்க, எல்லாரும் தேவைக்கு மேலதான் தள்ளுறாங்க.

தலை சுத்துறதுக்கு, பாலேல மாதிரி ஒரு இடத்தைப் பாத்து தலையை வெட்டி வெட்டித் திருப்பாதீங்க, கழுத்து தாங்காது. உங்க கையையோ கம்பத்தையோ பாருங்க. ஒரு தடவைக்கு கொஞ்ச நேரம்தான், இறங்கினதும் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டே நில்லுங்க, நின்னதும் எதிர்ப்பக்கம் ரெண்டு சுத்து மெதுவா. வயிறு முட்ட சாப்பிட்டுட்டு ஸ்பின் கிளாஸுக்கு வராதீங்க, கம்பத்தைத் துடைக்கிறது நாங்கதான்.